எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்.ஏ. கோப்பையும் பிரீமியர் லீக்கும் ஒன்றுதானா?

இல்லை. பிரீமியர் லீக் என்பது 20 அணிகள் சீசன் முழுக்க மோதிப் புள்ளி சேர்க்கும் தொடர். எஃப்.ஏ. கோப்பை என்பது இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் போட்டி; இதில் தோற்றால் அன்றைக்கே வெளியே. ஆகஸ்டில் தகுதிச் சுற்று தொடங்கும்போது 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் களத்தில் இருக்கும். பெயிண்டரும் தபால்காரரும் ஆடுகிற ஊர் அணிகள்கூட அதில் உண்டு. பெரிய கிளப்புகள் ஜனவரியில், மூன்றாம் சுற்றில்தான் வந்து சேரும். அடுத்து யாரோடு யார் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். மே மாதம் வெம்ப்லி மைதானத்தில் இரண்டே அணிகள் மிஞ்சி நிற்கும்.

இதைத் தொடங்கியது யார்?

இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த சார்லஸ் ஆல்காக். ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கு இடையே தோற்றவர் வெளியேறும் முறையில் ஒரு போட்டி நடக்கும். அங்கே படித்த ஆல்காக், அதையே கிளப்புகளுக்கும் வைக்கலாமே என்று யோசித்தார். 1871 ஜூலை 20 அன்று லண்டனில் ‘தி ஸ்போர்ட்ஸ்மேன்’ பத்திரிகை அலுவலகத்தில் கூடிய கூட்டத்தில் அந்த யோசனையை முன்வைத்தார். முதல் ஆண்டு பெயர் கொடுத்தவை 15 கிளப்புகள்தான். கோப்பை செய்ய ஆன செலவு சுமார் 20 பவுண்டு.

முதல் இறுதிப் போட்டி எப்படி நடந்தது?

1872 மார்ச் 16, லண்டன் கென்னிங்டன் ஓவல். ஆமாம், கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான அதே ஓவல்தான். பார்க்க வந்தவர்கள் சுமார் 2,000 பேர். வாண்டரர்ஸ் என்ற லண்டன் கிளப்பும் ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியும் மோதின. வாண்டரர்ஸுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? போட்டியைத் தொடங்கிவைத்த ஆல்காக்கேதான்.

வாண்டரர்ஸ் இறுதிக்கு வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதல் சுற்றில் எதிரணி வரவே இல்லை. இரண்டாம் சுற்றில் ஒரு வெற்றி. காலிறுதி டிரா; இரண்டு அணிகளையுமே அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அரையிறுதியில் கிளாஸ்கோவிலிருந்து வந்த குவீன்ஸ் பார்க் அணியோடு மறுபடியும் டிரா. மறு ஆட்டத்துக்காக இன்னொரு முறை லண்டன் வரக் கையில் காசில்லாமல் குவீன்ஸ் பார்க் விலகிக்கொண்டது. ஆக, ஒரே ஒரு ஆட்டத்தை வென்று இறுதிக்கு வந்த அணி அது.

இறுதியில் ராணுவ அணிதான் பலசாலி என்று பேச்சு. ஆனால் ஆரம்பித்த பத்து நிமிடத்திலேயே அவர்களின் லெப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்குக் காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. மனிதர் வெளியேறவில்லை, அந்தத் தோளோடு கடைசிவரை மைதானத்தில் நின்றார். மார்ட்டன் பெட்ஸ் அடித்த ஒரே கோலில் வாண்டரர்ஸ் ஜெயித்தது. அன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் பெட்ஸின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘ஏ. எச். செக்கர்’ என்று புனைபெயர் கொடுத்து ஆடினார். முதல் சுற்றில் வராமல் போனதே ஹாரோ செக்கர்ஸ் என்ற கிளப், அதைச் சேர்ந்தவர் அவர். அந்தப் பெயரைத்தான் சுருக்கி வைத்துக்கொண்டார்.

நடப்புச் சாம்பியன் நேராக இறுதிக்கு வந்தது உண்மையா?

உண்மை, ஆனால் 1873-இல் மட்டும். மற்றவர்கள் மோதி ஒருவர் வர, வாண்டரர்ஸ் நேரே இறுதியில் காத்திருந்தது. ஆட்டத்தைக் காலையிலேயே வைத்தார்கள். காரணம், அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி. அதைத் தவறவிட யாருக்கும் மனமில்லை!

கனவான்கள் விளையாட்டு எப்போது தொழிலாளிகள் கைக்குப் போனது?

ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லலாம்: 1883 மார்ச் 31.

அதுவரை கோப்பை தென் இங்கிலாந்து கனவான்களிடமே சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய பள்ளிகளின் பழைய மாணவர்கள், ராணுவ அதிகாரிகள், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்று எல்லாமே மேட்டுக்குடி அணிகள். 1882-இல் வென்ற ஓல்டு ஈட்டோனியன்ஸ், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். அவர்களின் தலைவர் கின்னெயர்டு பிரபு, ஜெயித்த சந்தோஷத்தில் பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் தலைகீழாகக் கையூன்றி நின்றவர்.

அடுத்த ஆண்டு அவர்களை எதிர்த்து வந்தது பிளாக்பர்ன் ஒலிம்பிக். லங்காஷயரின் பஞ்சாலை நகரமான பிளாக்பர்னின் அணி. நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளி, பிளம்பர், இரும்பு வார்ப்பட ஆலைக்காரர்கள், படச் சட்டம் போடுபவர் என்று பட்டியல் போகும். ஓர் இரும்பு ஆலை முதலாளி பணம் கொடுக்க, ஆட்டத்துக்கு முன் அணி பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி எடுத்தது. ஓர் ஆட்டத்துக்காகப் போய்த் தங்கிப் பயிற்சி எடுப்பதா என்று கனவான்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிந்தது.

முதல் கோல் ஈட்டோனியன்ஸுக்கு. பிறகு ஒலிம்பிக் சமன் செய்தது. ஈட்டோனியன்ஸில் ஒருவர் காயத்தால் வெளியேற, பத்துப் பேராகிவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் ஜிம்மி காஸ்ட்லி என்ற நூற்பாலைத் தொழிலாளி அடித்த கோலில் ஆட்டம் 2–1 என முடிந்தது. அதன்பின் கனவான் அணி எதுவும் இந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1885-இல் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வரலாற்றைத் திருப்பிப்போட்ட ஒலிம்பிக் கிளப்போ பணமில்லாமல் 1889-இல் மூடப்பட்டது. அதே ஊரின் இன்னொரு அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1884, 1885, 1886 என மூன்று ஆண்டுகள் வரிசையாகக் கோப்பையைத் தூக்கியது.

அந்த முதல் கோப்பை இப்போது எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. திருட்டுப் போய்விட்டது.

1895-இல் ஆஸ்டன் வில்லா ஜெயித்தது. பர்மிங்காமில் வில்லியம் ஷில்காக் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடையில், கண்ணாடி அலமாரியில் ஊர் பார்க்கட்டும் என்று கோப்பையை வைத்திருந்தார்கள். செப்டம்பர் 11 அன்று இரவு யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சங்கம் வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம் போட்டு, அந்தப் பணத்தில் புதுக் கோப்பை செய்தது. 1958-இல் 83 வயது முதியவர் ஒருவர், ‘நான்தான் எடுத்தேன், உருக்கிக் கள்ள நாணயம் அடித்தோம்’ என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். அது உண்மையா, கடைசிக் காலத்தில் பெயர் வாங்க ஆசையா என்பது நிரூபிக்கப்படவே இல்லை.

இரண்டாம் கோப்பையை 1911-இல் கின்னெயர்டு பிரபுவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த ஆண்டில் வந்த வடிவம். பிராட்ஃபோர்டில் இருந்த ஃபட்டோரினி நிறுவனம் செய்தது. அதை முதலில் வென்றதும் பிராட்ஃபோர்டு சிட்டி! அதன்பிறகு அந்தக் கிளப்புக்கு இந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை.

வெம்ப்லிக்கு முன் எங்கே நடந்தது?

பெரும்பாலும் ஓவல். 1895 முதல் 1914 வரை லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். 1915-இல் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு. பார்வையாளர்களில் பலர் ராணுவ உடுப்பில் வந்ததால் அதற்கு ‘காக்கி இறுதிப் போட்டி’ என்றே பெயர்.

1901 மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. டாட்டனம், ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்துக்குக் கிரிஸ்டல் பேலஸில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் திரண்டார்கள். 2–2 டிரா. மறு ஆட்டம் போல்டனில். அங்கே ரயில் நிலையத்தில் கட்டுமான வேலை நடந்ததால் ரயில் கம்பெனி சலுகை டிக்கெட் தர மறுத்துவிட்டது. பெருங்கூட்டத்தை எதிர்பார்த்து ஊர்க் கடைக்காரர்கள் கறி அடைத்த ‘பை’ என்ற பண்டத்தைச் சுட்டு அடுக்கியிருக்க, வந்தது சுமார் 20,000 பேர். மிஞ்சிய பண்டமெல்லாம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஆட்டத்தை டாட்டனம் 3–1 என வென்றது. கால்பந்து லீக் 1888-இல் உருவான பிறகு, லீக்கில் இல்லாத ஓர் அணி இந்தக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

‘வெள்ளைக் குதிரை இறுதிப் போட்டி’ என்கிறார்களே?

1923 ஏப்ரல் 28. வெம்ப்லியில் முதல் ஆட்டம். போல்டன் வாண்டரர்ஸும் வெஸ்ட் ஹாமும் மோதின. மைதானம் பிரம்மாண்டமானது, டிக்கெட்டை முன்கூட்டி விற்கத் தேவையில்லை, வாசலில் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. கணக்கில் வந்தவர்கள் 126,047 பேர். கதவை அடைத்த பிறகு சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. உட்கார இடமில்லாத கூட்டம் ஆடுகளத்துக்குள் வழிந்தது. புல்லே தெரியவில்லை.

அப்போது ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்ற குதிரையில் உள்ளே வந்தார். கூட்டத்தை விரட்டவில்லை. குதிரையை மெல்ல நடத்தி, முன்வரிசைக்காரர்களைக் கைகோத்துக்கொண்டு பின்வாங்கச் சொல்லி, கோட்டுக்கு வெளியே அங்குலம் அங்குலமாகத் தள்ளினார். வேறு குதிரைப் போலீஸாரும் இருந்தார்கள். ஆனால் மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது பில்லி ஒன்றுதான். உண்மையில் அது சாம்பல் நிறக் குதிரை. படம் அதை வெள்ளையாக்கிவிட்டது.

ஆட்டம் 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்திலேயே டேவிட் ஜாக் கோல் அடித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உடை மாற்றும் அறைக்குப் போக முடியாததால், இடைவேளையில் ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே நின்றார்கள். முடிவு போல்டனுக்கு 2–0. அடுத்த ஆண்டிலிருந்து முன்பதிவு டிக்கெட் மட்டும்தான். இன்று வெம்ப்லிக்குப் போகும் நடைபாலத்துக்கு வெள்ளைக் குதிரைப் பாலம் என்று பெயர். இத்தனை பெயர் வாங்கிய ஸ்கோரிக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு கிடையாதாம்.

கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனதுண்டா?

ஒரே ஒரு தடவை. 1927-இல் வேல்ஸின் கார்டிஃப் சிட்டி, ஆர்செனலை 1–0 என வென்றது. ஹியூ ஃபெர்குசன் அடித்த சாதாரண உதையை ஆர்செனல் கோல்கீப்பர் டான் லூயிஸ் பிடித்தார். பந்து கைக்கடியில் நழுவி, அவர் முழங்கை பட்டே உள்ளே உருண்டது. லூயிஸோ வேல்ஸ்காரர்! ஊர்ப்பாசத்தில் விட்டுவிட்டார் என்று பேசிய வாய்களும் உண்டு. புது ஜெர்சியின் வழவழப்புதான் காரணம் என்றார் அவர். அதற்கப்புறம் கோல்கீப்பரின் புது ஜெர்சியை ஒரு தடவை துவைத்த பிறகே ஆர்செனல் இறுதிப் போட்டிக்குக் கொடுக்கும் என்று ஒரு கதை.

இறுதி ஆட்டத்துக்கு முன் மொத்த மைதானமும் சேர்ந்து ‘அபைட் வித் மி’ என்ற கிறிஸ்தவப் பாடலைப் பாடும் வழக்கமும் 1927-இல்தான் தொடங்கியது.

தொலைக்காட்சியில் எப்போது வந்தது?

முழு ஆட்டமும் காட்டப்பட்டது 1938-இல். பிரெஸ்டன், ஹடர்ஸ்ஃபீல்டு இரண்டுமே கோல் அடிக்காமல் கூடுதல் நேரமும் முடியப்போனது. ‘இனி ஒரு கோல் விழுந்தால் என் தொப்பியைத் தின்கிறேன்’ என்றார் வர்ணனையாளர் தாமஸ் உட்ரூஃப். கடைசி நிமிடத்தில் பிரெஸ்டனுக்குப் பெனால்டி. ஜார்ஜ் மட்ச் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. உட்ரூஃப் சொன்ன சொல் தவறவில்லை. தொப்பி வடிவில் செய்த கேக்கைத் தின்றார்.

போர்க் காலத்தில் என்ன ஆனது?

1939-இல் வென்ற போர்ட்ஸ்மத் ஏழு ஆண்டுகள் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தது. 1946-இல் டெர்பி கவுன்டி சார்ல்டனை 4–1 என வென்றது. அந்த ஆட்டத்தில் சார்ல்டனின் பெர்ட் டர்னர் முதலில் தன் வலைக்குள்ளேயே பந்தை விட்டார், அடுத்த நிமிடமே எதிரணி வலைக்குள்ளும் அடித்தார். நடுவில் பந்து வேறு வெடித்தது. அடுத்த ஆண்டு இறுதியிலும் பந்து வெடித்தது. இந்த முறை கோப்பை சார்ல்டனுக்கு.

1953-ஐ ஏன் ‘மேத்யூஸ் இறுதிப் போட்டி’ என்கிறார்கள்?

ஸ்டான்லி மேத்யூஸுக்கு அப்போது 38 வயது. 1948, 1951 இரண்டு இறுதிகளிலும் தோற்றவர். இங்கிலாந்தே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தது. முடிசூட ஒரு மாதமே இருந்த எலிசபெத் ராணியும் வந்திருந்தார். ஆட்டம் முடிய இருபது சொச்ச நிமிடம் இருக்கும்போது அவருடைய பிளாக்பூல் போல்டனிடம் 3–1 எனப் பின்தங்கியிருந்தது. பிறகு வலது ஓரத்தில் மேத்யூஸ் புகுந்து விளையாட, கடைசியில் 4–3 என பிளாக்பூல் ஜெயித்தது. வெற்றிக் கோலை அடித்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பில் பெர்ரி.

ஆனால் மூன்று கோல் அடித்த ஸ்டான் மார்ட்டென்சன் என்ன பாவம் செய்தார்? வெம்ப்லியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் அவர் ஒருவர்தான். இந்தப் பெயர் அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. போல்டனின் எரிக் பெல் ஆரம்பத்திலேயே தொடைத் தசை பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலோடே எம்பித் தலையால் முட்டி ஒரு கோல்கூட அடித்தார். கடைசி அரை மணியில் மேத்யூஸ் சூறையாடியது நொண்டிக்கொண்டிருந்த ஆள் இருந்த பக்கத்தைத்தான்.

கழுத்து எலும்பு முறிந்தும் ஆடிய கோல்கீப்பர் கதை நிஜமா?

நிஜம். பெர்ட் டிராட்மன், மான்செஸ்டர் சிட்டி. ஜெர்மன்காரர், போர்க் கைதியாக இங்கிலாந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். 1949-இல் சிட்டி அவரைச் சேர்த்தபோது ஊரே எதிர்த்து ஊர்வலம் போனது. 1956 இறுதியில் ஆட்டம் முடியப் பதினேழு நிமிடம் இருக்கையில், பர்மிங்காமின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது கழுத்தில் அடி. எழுந்து தள்ளாடிக்கொண்டே இன்னும் சில பந்துகளைத் தடுத்தார். சிட்டி 3–1 என வென்றது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்து எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது.

வீரக் கதையாகச் சொல்வார்கள், வீரம்தான். ஆனால் அதன் மறுபக்கம் ஒரு முட்டாள்தனமான விதி. மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது என்பதால் 1950-களில் வெம்ப்லி இறுதி என்றாலே ஒருவர் அடிபட்டு, ஒரு அணி பத்துப் பேராகிவிடும் என்ற நிலைமை. 1957-இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டுக்குக் கன்ன எலும்பு. 1959-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டின் ராய் டுவைட் கோல் அடித்துவிட்டுக் கால் முறிந்து போனார். 1960-இல் பிளாக்பர்னின் டேவ் வீலனுக்குக் கால். 1965-இல் லிவர்பூலின் ஜெரி பைர்ன், 1872-இன் கிரெஸ்வெல் மாதிரியே காறை எலும்பு முறிந்த நிலையில் கூடுதல் நேரம்வரை ஆடி முடித்தார். இறுதிப் போட்டியில் முதல் மாற்று ஆட்டக்காரர் இறங்கியது 1968-இல்தான். எலும்பு முறிந்தவர்கள் நின்று ஆடியே ஒரு நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

வீலன் பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலில் வருவார்.

சின்ன அணிகள் உண்மையிலேயே வென்றிருக்கின்றனவா?

வென்றிருக்கின்றன, ஆனால் விளம்பரங்களில் சொல்கிற அளவுக்கு அடிக்கடி இல்லை.

1973-இல் லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனின் சண்டர்லாந்து, நடப்புச் சாம்பியன் லீட்ஸை 1–0 என வீழ்த்தியது. கோல் இயன் போர்ட்டர்ஃபீல்டு அடித்தது. ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றியது கோல்கீப்பர் ஜிம் மான்ட்கோமரி. ஒருவர் தலையால் முட்டியதைப் பாய்ந்து தட்டிவிட்டார், அது நேரே பீட்டர் லாரிமரின் காலுக்குப் போக, கீழே கிடந்தபடியே அதையும் மேல் கம்பத்துக்குத் திருப்பினார். 1976-இல் சௌதாம்ப்டன், 1980-இல் வெஸ்ட் ஹாம் இரண்டும் இரண்டாம் டிவிஷனில் இருந்தபடியே வென்றவை. 1980-க்குப் பிறகு மேல் டிவிஷனுக்கு வெளியே இருந்து யாரும் வெல்லவில்லை.

1988-இல் விம்பிள்டன் மேல் டிவிஷனில்தான் இருந்தது என்றாலும், லீக்குக்குள் நுழைந்தே 11 ஆண்டுதான் ஆகியிருந்தது. எதிரே லீக் சாம்பியன் லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் ஒரு கோல். பிறகு ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பெசன்ட் தடுத்தார். வெம்ப்லியில் இந்த இறுதியில் பெனால்டி தவறியது அதுவே முதல் தடவை.

2013-இல் விகன் அத்லெட்டிக், கடைசி நிமிடத்தில் பென் வாட்சன் தலையால் அடித்த கோலில் மான்செஸ்டர் சிட்டியை வென்றது. மூன்றே நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டது. அந்தக் கிளப்பின் உரிமையாளர், 1960-இல் இதே வெம்ப்லியில் கால் முறிந்து ஸ்ட்ரெச்சரில் போன டேவ் வீலன்.

1989 இறுதி எப்படி நடந்தது?

அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அரையிறுதியில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். போட்டியை நிறுத்திவிடலாமா என்ற பேச்சுகூட இருந்தது. மே 20 அன்று இறுதியில் லிவர்பூலை எதிர்கொண்டது அதே ஊரின் எவர்ட்டன். முந்தைய ஆண்டு பெனால்டியைத் தவறவிட்ட ஆல்ட்ரிட்ஜ் நான்காவது நிமிடத்தில் கோல் அடித்தார். எவர்ட்டனுக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்டுவர்ட் மெக்கால் இரண்டு, லிவர்பூலுக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த இயன் ரஷ் இரண்டு. லிவர்பூல் 3–2.

டிரா ஆனால்?

முன்பு மறு ஆட்டம். 1970-இல் செல்சீ, லீட்ஸ் மறு ஆட்டத்தை பிரிட்டனில் 2.8 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இறுதிக்கு மறு ஆட்டம் கடைசியாக நடந்தது 1993-இல். இப்போது அன்றே பெனால்டியில் முடிவு. 2005-இல் ஆர்செனல் மான்செஸ்டர் யுனைடெட்டை அப்படி வென்றதுதான் முதல் தடவை. 2024–25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்களை ரத்து செய்துவிட்டார்கள். பெரிய அணியின் மைதானத்தில் மறு ஆட்டம் ஆடி, அந்த டிக்கெட் வசூலில் ஒரு வருடம் ஓட்டும் சின்ன கிளப்புகளின் வயிற்றில் அடித்தது இது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

2001 முதல் 2006 வரை ஏன் கார்டிஃபில்?

பழைய வெம்ப்லியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். 2007-இல் திரும்பி வந்தது. பழைய மைதானத்தில் கோப்பை வாங்க 39 படி ஏற வேண்டும், புதியதில் 107.

பெண்களுக்கு இந்தக் கோப்பை உண்டா?

உண்டு, 1971 முதல். அதற்கு முன் 1921-இல் சங்கம் தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டு, அரை நூற்றாண்டு அப்படியே வைத்திருந்தது. பெண்கள் இறுதி வெம்ப்லிக்கு வந்தது 2015-இல். 2023-இல் அதைப் பார்க்க வந்தவர்கள் 77,390 பேர்.

அதிக தடவை வென்றது யார்? வேகமான கோல் எது?

2025 வரை ஆர்செனல் 14, மான்செஸ்டர் யுனைடெட் 13. தனி ஆளாக ஆஷ்லி கோல் ஏழு தடவை. வேகமான கோல் 2023-இல் மான்செஸ்டர் சிட்டியின் இல்காய் குண்டோகன் அடித்தது, 12 வினாடியில்.

மவுசு குறைந்துவிட்டதா?

குறைந்துவிட்டது என்பதை மறைப்பதில் பயனில்லை. லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் கிடைக்கும் பணத்துக்கு முன்னால் இந்தப் பரிசுத் தொகை தூசு. ஆரம்பச் சுற்றுகளில் பெரிய கிளப்புகள் இரண்டாம் வரிசை ஆட்களை இறக்குகின்றன. ஆனால் 2025-இல் கிரிஸ்டல் பேலஸ், எபெரெச்சி எஸேயின் ஒரே கோலில் மான்செஸ்டர் சிட்டியை வென்றபோது கேலரியைப் பார்த்திருக்க வேண்டும். அது அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை. பெரியவர்கள் குழந்தைபோல அழுதார்கள். மவுசு குறைந்தது ஏற்கெனவே நிறைய வென்றவர்களுக்குத்தான்.

நம் ஊரில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

பழைய வழக்கப்படி லண்டனில் மாலை 3 மணிக்குத் தொடங்கினால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 7.30. தொலைக்காட்சிக்காக இப்போது நேரத்தைத் தள்ளிவைப்பதும் உண்டு. 2025-இல் நமக்கு இரவு 9 மணி. கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் நள்ளிரவு ஆகிவிடும், சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.